வட சீனாவின் கணப்புக் கட்டணம்

வட சீன நகரங்களில் குளிர்காலக் கணப்பு வீட்டுக்கு வீடு செய்துகொள்ளும் ஏற்பாடன்று. கொதிகலன் கூடத்திலோ அனல்மின் நிலையத்திலோ சூடேறும் நீர், தெருவடிக் குழாய்கள் வழியே குடியிருப்புகளுக்கு வந்து சேரும். 1950களில் சோவியத் முறையைத் தழுவி வளர்ந்த இந்த அமைப்புக்கு ஹுவாய் ஆறும் சின்லிங் மலைத்தொடரும் எல்லை. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை வெந்நீர் ஓடும்.

நெடுங்காலம் அதற்குப் பணம் கட்டியது குடியிருப்பவர் அல்ல, அவர் வேலைபார்த்த நிறுவனம். கணக்கும் செலவான வெப்பத்துக்கு அல்ல. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று தரைப்பரப்புக்கு. அறை புழுங்கினால் மக்கள் ஜன்னலைத் திறந்தார்கள். அவர்களை ஊதாரிகள் என்பது நியாயமில்லை, ஏனெனில் திருகிக் குறைக்க அவர்களிடம் வால்வு இல்லை. பழைய கட்டடங்களில் ஒற்றைக் குழாய் மேல்மாடியில் தொடங்கி, ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்குள்ளும் புகுந்து கீழே இறங்கும். நடுவில் ஒருவர் அடைத்தால் கீழ்வீடுகள் குளிரில் விறைக்கும். ஒரே வீட்டுக்குள் இப்படிப் பல குழாய்கள் இறங்கியதால், வீட்டுக்கு ஒரு மீட்டர் என்பதும் நடவாத காரியம்.

கட்டட விதிகள் மட்டும் இறுகிக்கொண்டே வந்தன. கணப்பு எரிபொருளில் 30 சதவீதம் மிச்சம் கேட்டது 1986ஆம் ஆண்டின் விதி. 1995இல் அது 50 சதவீதமாயிற்று. ஆனால் சுவருக்கு வெப்பக்காப்புப் போட்ட வீட்டிலும் அதே வெந்நீர் ஓட, வீடு இன்னும் புழுங்கியது, ஜன்னல் இன்னும் அகலத் திறந்தது. காப்புக்குச் செலவிட்ட கட்டுநருக்கோ அங்கே குடியேறியவருக்கோ ஒரு யுவானும் மிஞ்சவில்லை. சிக்கலின் வேர் சுவரில் இல்லை, கட்டணத்தில் இருந்தது.

2003இல் எட்டு அமைச்சகங்கள் கூடிச் சீர்திருத்தத்தைத் தொடங்கின: நிறுவனம் கட்டிவந்த தொகை ஊழியர் கையில் பணமாகச் சேர வேண்டும், அவர் பயன்படுத்திய வெப்பத்துக்கே கட்ட வேண்டும். 2007ஆம் ஆண்டின் விலைவிதி கட்டணத்தை நிலையான பங்கு, மீட்டர் பங்கு என இரண்டாகப் பிரித்தது.

நடைமுறை தள்ளாடியது. மீட்டர் பொருத்திய பல கட்டடங்களிலும் பரப்புக் கணக்கே தொடர்ந்தது. வருமானம் குறையுமென்று வெப்ப நிறுவனங்கள் அஞ்சின. குடியிருப்போர் பக்கமும் ஒரு நியாயமான குறை உண்டு. மூலை வீடும் மேல்மாடி வீடும் அதே இதத்துக்கு அதிக வெப்பம் கேட்கும். நடுவீடு அண்டைச் சுவர்களின் சூட்டிலேயே பாதி குளிர்காய்ந்துவிடும். அதனால் சில இடங்களில் கட்டடம் முழுவதற்கும் ஒரே மீட்டர் வைத்து, அந்தக் கணக்கை ஒவ்வொரு வீட்டின் பரப்பும் அதன் வால்வு திறந்திருந்த நேரமும் பார்த்துப் பங்கிட்டார்கள்.