கல்கத்தா ஈரமும் ஒரு கலீனா கல்லும்

சிப் செய்யும் மெஷின்களுக்கு சர்வீஸ் எஞ்சினியராகப் பையன் சேர்ந்திருக்கிறான் என்றால், நம்மவர்களில் சிலருக்கு முகம் லேசாகச் சுருங்கிவிடுகிறது. "பி.இ. படிச்சுட்டு மெக்கானிக் வேலையா?" என்னைப் போல இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. வேலை என்னவோ அதுதான். வாக்குவம் பம்பைக் கழற்றி மாட்டுவது, கசிவைத் தேடுவது, தூசியும் ஈரமும் உள்ளே போகாமல் காவல் காப்பது.

ஆனால் துறையின் பூர்வீகத்தைத் தோண்டினால், கல்கத்தாவில் கிட்டத்தட்ட இதே வேலையைப் பார்த்த ஒருவர் வருகிறார். ஜகதீஷ் சந்திர போஸ்.

1885-ல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 26. இந்தியர் என்பதால் வெள்ளைக்காரரை விடக் குறைந்த சம்பளம். மனுஷன் மூன்று வருடம் அந்தச் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது. ஆராய்ச்சி வசதிதான் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

1894-ல் மின்காந்த அலை ஆராய்ச்சியில் இறங்கியபோது, உள்ளூர் தகரக் கொல்லர் ஒருவரைப் பழக்கிக் கருவிகள் செய்தார். அலையின் அதிர்வை ஒரே திசைக்குக் கொண்டுவர, பிராட்ஷா ரயில் அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தாளைச் செருகினார். முறுக்கிய சணலையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்!

பெரிய தொல்லை ஈரம். அலையை உணர்வது, உலோகமும் உலோகமும் லேசாகத் தொடும் இடம். கல்கத்தா புழுக்கத்தில் அது துருவேறிவிடும். எஃகுச் சுருள்களுக்குக் கோபால்ட் பூச்சு கொடுத்துப் பார்த்தார். பொருள் பொருளாகச் சோதித்துக்கொண்டே போனவர் கலீனாவுக்கு, அதாவது ஈயத் தாதுக் கல்லுக்கு, வந்தார்.

இப்படிப்பட்ட கற்களில் மின்சாரம் ஒரு பக்கம் எளிதாகப் போகும் என்பதை ஜெர்மனியில் பிரவுன் 1874-லேயே கண்டிருந்தார். அந்தக் குணத்தை வைத்து அலையைப் பிடித்தவர் போஸ். காப்புரிமையில் அவருக்கு ஆர்வமில்லை. சாரா புல், நிவேதிதா போன்ற நண்பர்கள் வற்புறுத்தி, 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார்கள். 1904 மார்ச் 29 அன்று கிடைத்தது, எண் 7,55,840. குறைகடத்திக் கருவிக்கான முதல் காப்புரிமை என்று இதைச் சொல்வதுண்டு. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிராட்டெய்ன், 1955-ல் பியர்சனோடு எழுதிய குறைகடத்தி வரலாற்றில் போஸுக்கு உரிய இடத்தைக் கொடுத்தார்.

அப்புறம் ஏன் சிப் தொழில் கல்கத்தாவில் வளரவில்லை? காரணங்கள் பல. எனக்குப் படுவது ஒன்று. ஒரு கருவியைச் செய்வது ஒரு திறமை. அதையே ஆயிரம் தடவை, நாளும் பொழுதும், ஒரே மாதிரி ஓட வைப்பது வேறு திறமை. முதலாவது கல்கத்தாவில் இருந்தது. இரண்டாவதை வளர்க்கத் தொழிற்சாலை இல்லை. போஸும் செடிகொடி ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். அந்த இரண்டாவது திறமையைத்தான் நம் பிள்ளைகள் இன்று கிளீன் ரூமில் அங்கி மாட்டிக்கொண்டு கற்கிறார்கள்.

காப்புரிமையில் போஸின் பெயர் இருக்கிறது, தகரக் கொல்லர் இல்லை. ஆனால் கருவிகள் இருக்கின்றன. ஊருக்குப் போகும்போது கல்கத்தா பக்கம் போக வாய்த்தால், 1917-ல் போஸ் தொடங்கிய போஸ் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்தில் அனுமதி விசாரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.