ஏற்புவலியும் தாய்வழிக் காப்பும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

அக்குறணை போன்ற கண்டிப் பிரதேச ஊர்களிலே குழந்தைப்பேறு ஒரு காலத்தில் வீட்டினுள், மருத்துவிச்சியின் கையிலேயே நிகழ்ந்தது. தோட்ட லயங்களின் நிலையும் அதுவே. மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஏற்புவலிக் கிருமியின் வித்திகள் தொப்புட்கொடிக் காயத்தை அடையுமாயின், சில நாட்களில் சிசுவின் தாடை இறுகும். பால் உறிஞ்ச இயலாது, உடல் விறைத்து அது மடியும். இதற்கு மருத்துவிச்சியின் அறியாமையே காரணம் என்பர். இது முழு உண்மையன்று.

1890இல் பேரிங்கும் கிற்றசாத்தோவும் ஏற்புவலி நஞ்சை முறிக்கும் ஆற்றல் குருதிநீரில் உண்டாவதைக் காட்டினர். 1892இல் போல் ஏர்லிக், தாய் எலி பெற்ற காப்பு குட்டிகளைச் சேர்வதை நிறுவினார். 1920களில் பிரான்சிலே நச்சுத்தன்மை நீக்கிய தடுப்பு மருந்தும் உருவாயிற்று. ஆயின் அது பெருமளவில் முதலிற் சென்றடைந்தது கருவுற்ற ஏழைப் பெண்களையன்று. இரண்டாம் உலகப் போரின் பிரித்தானிய, அமெரிக்கப் படையினரையே. கர்ப்பிணிகளுக்கு ஊசியேற்றிச் சிசுக்களைக் காக்கலாம் என்பதை நிறுவிய நியூகினி ஆய்வு 1961இலேயே வெளியாயிற்று. அறிவுக்கும் அதன் பயனுக்கும் இடையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தமைக்கு விஞ்ஞானத்தின் போதாமை மட்டும் காரணமன்று. எவருடைய உயிர் முதன்மை பெற்றது என்பதும் காரணமாகும்.

தாயின் குருதியில் உருவாகும் பிறபொருளெதிரிகள், கருப்பத்தின் இறுதி மாதங்களிற் பெருமளவில் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவை அடைகின்றன. முதற் கருப்பத்தில் நான்கு வார இடைவெளியில் இரு ஊசிகள். இரண்டாவது, பேற்றுக்கு இரு வாரங்களேனும் முன்னர் அமைதல் வேண்டும். குழந்தை தன் சொந்தத் தடுப்பூசியைப் பெறும்வரை தாய் அளித்த இக்காப்பே அதன் அரண்.

இலங்கையில் கர்ப்பிணிகளுக்கான இத்தடுப்பூசி 1969இல் அறிமுகமாயிற்று. அது பயனளித்தமைக்கு, 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடுதோறும் நடந்துசென்ற அரசாங்க மருத்துவ மாதரின் உழைப்பும், மருத்துவமனைப் பேறு பரவியமையும் அடித்தளமாயின. பெருந்தோட்டங்களில் மருத்துவ வசதி நீண்டகாலம் நிருவாகத்தின் பொறுப்பிலேயே இருந்தமையும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. 2016இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதிலும் தாய்சேய் ஏற்புவலி பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

எனினும் இவ்வெற்றி நிலைபேறானதன்று. அம்மையைப் போல இந்நோயை ஒழித்துவிட முடியாது. வித்திகள் மண்ணிலேயே இருக்கின்றன. இது ஆளுக்காள் தொற்றும் நோயுமன்று. எனவே அயலவர் பெற்ற ஊசி நம் சிசுவைக் காக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு தாயையும் தேடிச் செல்லவேண்டும். பொதுச் சுகாதார சேவையை வீண்செலவெனக் குறைக்க முனைவோருக்கு இந்நோயின் வரலாறு கூறும் விடை இதுவே.