எலிக்காய்ச்சல்: கிள்ளானிலிருந்து நம் வீட்டுக் கால்வாய் வரை



வெள்ளம் வந்தால் பொருள் போயிற்றே என்று வருந்துகிறோம். வடிந்தபின் வரும் நோயைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவற்றுள் ஒன்று எலிக்காய்ச்சல். மருத்துவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பர். மலாய்மொழியில் 'கென்சிங் திக்குஸ்'. நம் முன்னோர் உழைத்த மண்ணோடு தொடர்புடைய வரலாறு அது.

1901ஆம் ஆண்டில் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். அவ்வாண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) கிள்ளான் நகரையும் மலேரியா வாட்டியது. அவர் சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார். புதர்களை அழிக்கச் செய்தார். நோய் குறைந்தது. கொசுவை அடக்குவதில் கிள்ளான் பிற நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று.

ஆயினும் எல்லாக் காய்ச்சலும் மலேரியா அன்று. ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வெய்ல் 1886இல் எலிக்காய்ச்சலின் கடுமையான வடிவத்தை விவரித்திருந்தார். 1915இல் ஜப்பானில் இனாடா, இடோ ஆகியோர் அதன் கிருமியைக் கண்டறிந்தனர். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிளெட்சர் 1925இல் மலாயாவிலும் இந்நோய் உண்டு என்று காட்டினார்.

கிருமி எலியின் சிறுநீரில் வெளிப்பட்டு, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் தங்குகிறது. தோலிலுள்ள சிறு காயம், கண், மூக்கு, வாய் வழியாக உடலுக்குள் புகுகிறது. வெறுங்காலோடு ஈரத்தரையில் பால்மரம் வெட்டியவர்களையும் கால்வாய் தூர்வாரியவர்களையும் எண்ணிப் பாருங்கள். நம் பாட்டன் பாட்டியர் அவர்களே. இன்று தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம். எலி மட்டும் நம்மை விடவில்லை.

2010ஆம் ஆண்டில் பகாங், மாரான் வட்டாரத்தின் லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடச் சென்றோரிடையே எலிக்காய்ச்சலும் மெலியாய்டோசிஸ் என்னும் மண்வழி நோயும் பரவின, உயிரிழப்புகளும் நேர்ந்தன. அவ்வாண்டிலேயே எலிக்காய்ச்சல் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று. 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நீரில்தான் குழந்தைகள் விளையாட ஆசைப்படுகிறார்கள்.

முதலில் எலியை அடையாளம் காண்போம். கால்வாய்க் கரையில் வளை தோண்டும் தடித்த எலிக்கு வால் உடலைவிடக் குட்டை, மூக்கு மழுங்கல். கூரையில் ஓடும் எலிக்கு வால் உடலைவிட நீளம், காது பெரிது. முன்னதற்கு வளைவாயிலிலும் பின்னதற்குக் கூரை விட்டத்திலும் பொறி வைப்பதே பயன் தரும். கட்டைவிரல் நுழையும் துளையில் எலியும் நுழையும். கம்பிவலையும் சிமெண்டும் இட்டு அடைக்க வேண்டும். குப்பைத்தொட்டிக்கு மூடி வேண்டும்.

ஒரு வீடு மட்டும் பொறி வைத்தால் பயனில்லை. அடுத்த வீட்டு எலி வந்து குடியேறும். இங்கிலாந்தின் வரலாறு இதற்குச் சான்று. உரோமத்திற்காக 1929இல் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கொய்ப்பு என்னும் பெரிய நீரெலி, பண்ணைகளிலிருந்து தப்பி ஆற்றங்கரைகளையும் பயிர்களையும் அழித்தது. 1981இல் பொறி வைத்துப் பிடிப்போர் 24 பேரைக் கொண்டு வட்டாரம் முழுவதும் ஒரே திட்டமாகப் பிடிக்கத் தொடங்கி, 1989இல் அது ஒழிந்ததாக அறிவித்தனர். எலியை அப்படி அடியோடு ஒழிக்க இயலாது. ஆனால் தாமான் முழுவதும் ஒரே நாளில் செய்யும் 'கோத்தோங் ரோயோங்' கூட்டுப்பணி அதனைக் குறைக்கும்.

வெள்ளத்திற்குப் பின் பள்ளியையோ வீட்டையோ கழுவுவோர் முழங்கால் காலணியும் கையுறையும் அணிக. காயத்தை நீர்புகாமல் மூடுக. எலிப்புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்காமல், குளோரின் கலந்த நீரால் நனைத்து அள்ளுக.

இரண்டு வாரம், சில வேளைகளில் ஒரு மாதம் கழித்தும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் தோன்றலாம். அப்போது மருத்துவரிடம், "பிள்ளை வெள்ளநீரில் நின்றான்" என்று மறவாமல் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கொடுக்கும் மருந்து உயிரைக் காக்கும். டெங்கி என்றே எண்ணி நாளைக் கடத்திவிட்டால், அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததன் விலை மிகப் பெரிது.