பிளிமத்: எரிந்தும் புதைந்தும் போன தலைநகர்

இரங்கல் எழுத உட்கார்ந்தால் முதலில் வேண்டியது இறந்த தேதி. கரீபியக் கடலில் மொன்செராட் தீவின் தலைநகராக இருந்த பிளிமத்துக்கு அப்படி ஒரே தேதியாகச் சொல்ல முடியவில்லை. காலை வேளையில் ஊரே இருண்டுபோன 1995 ஆகஸ்ட் 21ஆ? மக்கள் கடைசி முறையாக வெளியேற்றப்பட்ட 1996 ஏப்ரல் 3ஆ? கட்டடங்கள் தீப்பிடித்து எரிந்த 1997 ஆகஸ்ட் முதல் வாரமா? சட்டத்தைக் கேட்டால் பிளிமத் சாகவே இல்லை என்கிறது. மொன்செராட்டின் தலைநகர் என்று காகிதத்தில் இன்றும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. அங்கே குடியிருக்கத்தான் ஒருவரும் இல்லை.

மொன்செராட் 16 கிலோமீட்டர் நீளமும் 11 கிலோமீட்டர் அகலமும் கொண்ட மலைத்தீவு. பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. 1493இல் அவ்வழியே போன கொலம்பஸ், கப்பலில் இருந்தபடியே அதற்கு ஸ்பெயின் நாட்டு மடாலயம் ஒன்றின் பெயரைச் சூட்டிவிட்டுப் போனார்; கரையில் கால் வைக்கவில்லை. 1632 முதல், பக்கத்துத் தீவான செயின்ட் கிட்ஸிலிருந்து ஐரிஷ் கத்தோலிக்கர்கள் வந்து குடியேறினார்கள். பிறகு கரும்பு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். 1768இல் புனித பாட்ரிக் திருநாளன்று, எசமானர்கள் கொண்டாட்டத்தில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்துக் கிளர்ந்தெழ அந்த அடிமைகள் திட்டமிட்டார்கள். விஷயம் முன்கூட்டியே கசிந்துவிட்டது. முன்னின்றவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். மார்ச் 17 இன்று அங்கே பொது விடுமுறை. ஐரிஷ் திருவிழாவும் அந்தத் தியாகிகளின் நினைவும் ஒரே நாளில் சேர்ந்து வருகின்றன. கரும்பு ஓய்ந்தபின் எலுமிச்சை, அதன்பின் பருத்தி. தீவில் எது விளைந்தாலும் பிளிமத்தில்தான் கப்பலேறியது.

அழிவுக்கு முன் தீவின் மக்கள்தொகை சுமார் 11,000. அதில் ஏறத்தாழ 4,000 பேர் பிளிமத்வாசிகள். நம் கணக்கில் அது ஒரு பெரிய கிராமம்தான். ஆனால் அந்தத் தீவில் வேறு நகரமே கிடையாது. ஆஸ்பத்திரி, கோர்ட், வங்கி, சட்டமன்றம், துறைமுகம், பெரிய கடைகள் எல்லாம் அந்த ஒரே ஊரில். மலைக்கிராமத்து விவசாயி கிழங்கும் காய்களும் விற்க வந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் வந்தாலும், பார்லிமென்ட் தெருவையோ கடற்கரையோரத்து ஸ்டிராண்ட் தெருவையோ மிதிக்காமல் திரும்ப முடியாது. துறைமுகத்தருகே போர் நினைவுச் சின்னமாக ஒரு மணிக்கூண்டு. கீழே கல், மேலே மரம், தகரக் கூரை என்று பழைய வீடுகள். ஆட்டிறைச்சியைக் கிராம்பும் மூலிகைகளும் போட்டுக் குழம்பாகக் காய்ச்சுவார்கள். அதுதான் தீவின் விருந்துச் சாப்பாடு. 1982இல் ‘ஹாட் ஹாட் ஹாட்’ பாட்டால் உலகத்தையே ஆடவைத்த ஆரோ இந்தத் தீவின் பிள்ளை. பிளிமத்தில் துணிக்கடையும் வைத்திருந்தார். பீட்டில்ஸ் இசைக்குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1979இல் மொன்செராட்டில் ஒலிப்பதிவுக்கூடம் திறந்தபின், உலகப் புகழ்பெற்ற பாடகர்கள் வாரக்கணக்கில் அங்கே வந்து தங்கினார்கள்.

1989 செப்டம்பர் 17 அன்று ஹியூகோ புயல் தீவைப் புரட்டிப்போட்டது. பத்தில் ஒன்பது வீடுகளுக்குச் சேதம். ஒலிப்பதிவுக்கூடம் அதோடு மூடப்பட்டது. பிளிமத் எழுந்து நின்றது. புது ஆஸ்பத்திரி, புது நூலகம், புது அரசு அலுவலகம் என்று ஆறு வருடம் பாடுபட்டுக் கட்டினார்கள். என் மனம் ஆறாத இடம் இதுதான். ஊருக்கு மேலே நிற்கும் சூஃப்ரியேர் ஹில்ஸ் ஓர் எரிமலை என்பது அறிவியலாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1890களிலும் 1930களிலும் 1960களிலும் அதன் அடியில் நிலம் தொடர்ந்து அதிர்ந்திருக்கிறது. அது வெடித்தால் எங்கெங்கே ஆபத்து என்று கணித்த ஓர் ஆய்வு 1988இலேயே அச்சில் வந்துவிட்டது. பிளிமத்தும் அந்த ஆபத்துக்குள் இருந்தது. அடுத்த ஆண்டே புயல் எல்லாவற்றையும் இடித்துக் கொடுத்தபோது, ஆஸ்பத்திரியையாவது வடக்கே நகர்த்தியிருக்கலாம். மலையடிவாரத்திலேயே மறுபடி கட்டினார்கள். ஏழைத் தீவின் எத்தனையோ வருட உழைப்பு அந்தச் சுவர்களோடு போயிற்று.

1995 ஜூலை 18 அன்று மலை புகைந்தது. அதற்கு முன் வரலாற்றுக் காலத்தில் அது வெடித்ததாக ஒரு பதிவும் இல்லை. ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை காலை, சாம்பல் மேகம் சரிந்து வந்து ஊரை மூடியது. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத இருட்டு. தெருவெல்லாம் சாம்பல், மூச்செல்லாம் கந்தக நெடி. மக்களை வெளியேற்றினார்கள், சில நாளில் திரும்ப விட்டார்கள். டிசம்பரில் மறுபடி வெளியேற்றம், மறுபடி வருகை. ஒவ்வொரு முறையும் கூரையில் குவிந்த சாம்பலைத் தள்ளி, வீட்டைக் கழுவிக் குடியேறினார்கள். 1996 ஏப்ரலில் மூன்றாம் முறையாகக் கதவைப் பூட்டியபோது, பத்துப் பதினைந்து நாளில் வந்துவிடுவோம் என்ற நினைப்பில்தான் பலரும் துணிமணி எடுத்துப் போனார்கள். வடக்கே தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் மாதக்கணக்கில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள்.

இந்த எரிமலையில் குழம்பு ஆறாக ஓடாது. வாயிலேயே கெட்டியாகத் திரண்டு, குமிழாக உயர்ந்து, பாரம் தாங்காமல் இடியும். இடியும்போது கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாறையும் ஒன்றாகக் கலந்து, ஓடித் தப்ப முடியாத வேகத்தில் இறங்கும். 1997 ஜூன் 25 அன்று அப்படி இறங்கியதில் 19 பேர் இறந்தார்கள். தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் போயிருந்தவர்கள் அவர்கள். வயலைக் கவனிக்கப் போன விவசாயிகளும் அவர்களில் உண்டு. வடக்கே நல்ல நிலம் இல்லாதபோது விவசாயி வேறு எங்கே போவார்? ஆகஸ்ட் தொடக்கத்தில் பிளிமத்தின் முறை வந்தது. ஊருக்குள் பாய்ந்த அந்தத் தீயில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. செப்டம்பரில் விமான நிலையமும் போயிற்று. அதற்குப் பின் ஒவ்வொரு மழைக்கும் மலையிலிருந்து சேறு இறங்கி, எரியாமல் மிஞ்சியதையும் புதைத்தது. இன்று சில இடங்களில் மாடி வீட்டின் கூரை மட்டும் தரைக்கு மேல் தெரிகிறது.

தீவின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். ஆன்டிகுவாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனவர்களில் பலர் திரும்பவில்லை. இப்போது தீவில் இருப்பவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. அரசு வடக்கே பிரேட்ஸில் நடக்கிறது. லிட்டில் பே என்ற இடத்தில் புது நகரம் எழுப்பும் வேலை வருடக்கணக்கில் நீள்கிறது.

சுற்றுலா விளம்பரங்கள் பிளிமத்தைக் ‘கரீபியத்தின் பொம்பேய்’ என்கின்றன. எனக்கு அது சம்மதமில்லை. எரிமலை புதைத்த பழைய ரோமானிய நகரமான பொம்பேயில் ஊரோடு மக்களில் பலரும் மாண்டார்கள். தப்பியவர்களும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிளிமத்தின் மக்கள் உயிரோடு இருக்கிறார்கள். லண்டனில் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒரு பாட்டிக்குத் தன் வீட்டுச் சாவி எந்த ஆணியில் தொங்கியது என்பது இன்னும் நினைவிருக்கலாம்.

அனுமதி பெற்று, உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் இன்று அங்கே போகலாம். ஊருக்கு மேலே ரிச்மண்ட் ஹில்லில், மொன்செராட் ஸ்பிரிங்ஸ் ஹோட்டல் அப்படியே கிடக்கிறது. நீச்சல் குளத்தில் விளிம்புவரை சாம்பல். அதில் செடிகள் முளைத்துவிட்டன. வரவேற்பறையில் காகிதங்கள் சாம்பலேறிக் கிடக்கின்றன. கீழே கடலோரத்தில், ஊரைப் புதைத்த அந்த மணலையே அள்ளி, கட்டுமான வேலைக்காகப் பக்கத்துத் தீவுகளுக்குக் கப்பலேற்றுகிறார்கள். பிழைக்க ஒரு வழி. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பிளிமத்தில் பெரியவர்களாக வாழ்ந்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. எந்தச் சேற்றின் அடியில் எந்தக் கடை, யார் வீடு என்று கையைக் காட்டிச் சொல்லக்கூடியவர்கள் குறைந்து வருகிறார்கள். என்றாவது அங்கே போக வாய்த்தால், எரிமலையைப் பற்றி வழிகாட்டியிடம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். இந்தத் தெருவில் யார் யார் இருந்தார்கள், என்ன விற்றார்கள், சனிக்கிழமைகளில் சந்தை எப்படி இருந்தது என்று முதலில் கேளுங்கள்.