பல்வங்கர் பாலூ

பல்வங்கர் பாலூ (மார்ச் 19, 1876 - ஜூலை 4, 1955) ஓர் இந்தியத் துடுப்பாட்ட வீரர் ஆவார். இடதுகைச் சுழற்பந்து வீச்சாளரான இவர், தீண்டாமைக் கொடுமையை எதிர்கொண்டு உயர்நிலையை எட்டிய முதல் இந்திய விளையாட்டு வீரர்களுள் ஒருவர்.

இளமை

இன்றைய கர்நாடக மாநிலத்திலுள்ள தார்வாட்டில், தோல் தொழில் செய்யும் சமூகத்தில் பிறந்தார். புனேயில் பார்சிகளின் துடுப்பாட்டக் கழகத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலைக்கு மாதம் 3 ரூபாய் ஊதியம் பெற்றார். 1892இல் ஐரோப்பியரின் பூனா கழகத்தில் 4 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்தார். அங்கு ஜே. ஜி. கிரெய்க் முதலிய ஆங்கிலேயர்களுக்கு வலைப்பயிற்சியில் நாள்தோறும் பந்துவீசித் திறனை வளர்த்துக்கொண்டார். ஆயினும் மட்டை பிடிக்க இவருக்கு வாய்ப்பு தரப்படவில்லை.

துடுப்பாட்ட வாழ்க்கை

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்கள் இவரை அணியில் சேர்த்துக்கொண்டனர். களத்தில் இவர் தொட்ட பந்தைத் தொட்ட சக வீரர்கள், இடைவேளையில் இவருக்கு மட்டும் வெளியே தனி மண்குவளையில் தேநீர் அளித்தனர். பின்னர் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து இந்து ஜிம்கானாவுக்காக விளையாடினார். 1906இல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களால் வென்றதில் இவரது பந்துவீச்சுக்குப் பெரும் பங்குண்டு.

1911இல் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் இங்கிலாந்து சென்ற அனைத்திந்திய அணியில் இடம்பெற்றார். அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றபோதும், பாலூ 18.84 என்ற சராசரியில் 114 இலக்குகளைக் கைப்பற்றினார். 33 முதல்தர ஆட்டங்களில் 179 இலக்குகளை 15.21 என்ற சராசரியில் வீழ்த்தியுள்ளார். இந்தியா தனது முதல் தேர்வுப் போட்டியை ஆடிய 1932இல் இவர் ஓய்வு பெற்றிருந்தார்.

தலைமைப் பொறுப்பு

அணியின் மூத்த வீரராக இருந்தும், சாதியின் காரணமாக இவர் அணித்தலைவராக்கப்படவில்லை. 1920இல் இவர் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது இவருடைய தம்பியரான சிவராமும் விட்டலும் எதிர்ப்புத் தெரிவித்து விலகினர். அண்ணனுக்கு மறுக்கப்பட்ட தலைமைப் பொறுப்பு 1923இல் விட்டலுக்குக் கிடைத்தது.

அரசியல்

1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தில் தமிழகத்தைச் சேர்ந்த எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் பாலூவும் கையொப்பமிட்டார். 1937இல் பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலூ 11,225 வாக்குகளும் பெற்றனர்.

மறைவு

1955 ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார்.