இலங்கை நல்லிணக்கத் திட்டம், விக்கிப்பீடியா

உள்நாட்டுப் போர்க் காலத்தில், இலங்கை பற்றிய கட்டுரைகளில் மூண்ட திருத்தச் சண்டைகளைத் தணிக்க ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் அமைத்த குழு. எதிர்த்தரப்பின் திருத்தங்களை மாறி மாறி அழிப்பதைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டனர். அதைவிடப் பயன்பட்டது மூலங்களை வகைப்படுத்திய பட்டியல்தான். விடுதலைப் புலிகள் சார்பானதாகக் கருதப்பட்ட தமிழ்நெற் செய்தித் தளம், அரசுத் தரப்பைச் சொல்லும் பாதுகாப்பு அமைச்சின் தளம் ஆகியவற்றை ஒதுக்கிவிடாமல், தகவல் எந்தத் தரப்பின் கூற்று என்பதை வாக்கியத்திலேயே சொல்லி எழுதும் முறை அதனால் வழக்கானது.

அம்பாறைக் கரையோரத்தைப் பற்றி எழுதுவோருக்கு இம்முறை இன்றும் அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. அக்கரையோர நகரான கல்முனையில் பிணக்கு அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலானதன்று. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் தமிழர் தரப்பு உண்ணாவிரதம் இருந்தது. முஸ்லிம்கள் எதிர்ச் சத்தியாக்கிரகம் நடத்தினர். இருசாராரும் பேசுவது தமிழே. இதில் ‘தமிழ் பேசும் மக்களின் கோரிக்கை’ என்று எழுதினால் ஒரு சமூகத்தின் குரல் மறைந்துவிடும். கல்முனை மாநகர சபையின் கீழிருந்த சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை அறிவித்த 2020 பெப்ரவரி வர்த்தமானி சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. அந்த விவகாரத்தில் கல்முனை, சாய்ந்தமருது முஸ்லிம்களே எதிரெதிராக நின்றதால், ‘முஸ்லிம் தரப்பு’ என ஒருமையில் எழுதுவதும் நடுநிலையாகாது.