ஜோடி கிடைக்காத மரம்

முற்றத்தில் அழகுக்கு வைக்கும் சைக்கஸை நாம் சின்னப் பனை என்கிறோம். அது பனையே இல்லை. டைனோசர் காலத்திலேயே இருந்த வேறொரு தாவரக் குலம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு.

அந்தக் குலத்தில் மிக அரிதான ஒன்று தென்னாபிரிக்காவில் கிடைத்தது. 1895இல் நட்டால் பகுதியின் ங்கோயே காட்டில் ஜோன் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் அதைக் கண்டார். பல தண்டுகளுடன் ஒரே மரம், அதுவும் ஆண். எத்தனையோ பேர் தேடியும் இன்றுவரை பெண் மரம் அகப்படவில்லை. 1903இல் அதன் பக்கக் கன்றுகளையும் 1907இல் பெரிய தண்டுகளையும் டர்பன் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1916இல் எஞ்சிய தண்டும் பிரிட்டோரியாவுக்குப் போனது. காட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. காப்பாற்றினார்களா, பறித்தார்களா? நமக்கு இரண்டுமாகத்தான் படுகிறது. சேகரிப்பவர்களுக்காக அந்நாட்டில் இன்றும் காட்டுச் சைக்கஸ்கள் களவு போகின்றன.

இன்று உலகில் இருக்கும் வுட் சைக்கஸ் எல்லாம் அந்த ஒரே ஆணின் தண்டுகளிலிருந்தும் பக்கக் கன்றுகளிலிருந்தும் வந்தவைதான். ஜோடி இல்லாததால் அசல் விதை கிடையாது. ஆகவே நாற்று வளர்ப்பவர்கள் அதன் மகரந்தத்தை நட்டால் சைக்கஸ் என்ற உறவு இனத்தின் பெண் மரத்தில் தூவி விதை எடுக்கிறார்கள். முளைப்பது பெண்ணாக இருந்தால், அது காய்க்கும் பருவம்வரை பல வருடம் பொறுத்து, மறுபடி வுட்டின் மகரந்தத்தையே தூவுகிறார்கள். தலைமுறைக்குத் தலைமுறை தகப்பன் சாயல் கூடுகிறது. அசல் பெண் மட்டும் பிறக்காது.